கயிற்றின் மறுமுனை

இந்த பஸ் இப்போதைக்கு நகராதுக்கா. எட்டி எட்டிப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. முன்னாடி ரோடு வேலை நடக்குது. ஒரு பக்கத்தை அடைச்சுட்டாங்க, எதிர்ல வர்ற வண்டியெல்லாம் போன பிறகுதான் நம்மளை விடுவாங்க. எப்பப் பார்த்தாலும் இவங்களுக்கு இதே வேலை. போட்ட ரோட்டையே திரும்பத் திரும்பத் தோண்டிக்கிட்டு! திங்கட்கிழமை தவறாம வேலூர் போறவ நான், எனக்குத் தெரியாதா?

கலெக்டர் ஆபீஸுக்குத்தான். குறைதீர் கூட்டத்துக்கு. எத்தனையாவது தடவைன்னு மட்டும் கேட்டுடாதீங்க.

மடியிலயா? அப்பா படம்க்கா. பெரிசு பண்ணி லேமினேஷன் போட்டது. பிடிங்க, நல்லா வெளிச்சத்துல பாருங்க. யூனிபார்ம் தெரியுதா? தோள்ல பட்டை தெரியுதா? பின்னாடி வெள்ளையா இருக்கிறது மேகம் இல்லை, பனிமலை. இதைப் பார்த்துட்டு ஒரு மனுஷன், ‘இவர் மிலிட்டரி இல்லை’ன்னு சொல்ல முடியுமா? நீங்க மூணாம் மனுஷி, உங்களுக்கு எந்தச் சார்பும் கிடையாது. நீங்களே சொல்லுங்க.

படத்துல அப்பா கையில கயிறா? அதை விடுங்க. எல்லாரும் அதைத்தான் கேக்கிறாங்க.

என் பேர் ஹிமாவதி. ஹேமாவதி இல்லை. ஹிமா. நான் பிறந்தப்ப அப்பா அங்க பனியில இருந்தார், அதனால வெச்ச பேர். பேர்லயே எங்க குடும்பம் யாருன்னு தெரியணும். எங்க தாத்தா பர்மா சண்டை நடந்தப்ப அசாம் காட்டுல ரோடு போட்டவர். அவருக்கு அப்புறம் அப்பா. பேர் கன்னியப்பன். போகிக்கு எல்லார் வீட்லயும் பழசைக் கொளுத்துவாங்க இல்ல? எங்க வீட்ல அன்னைக்குத்தான் அப்பாவோட பழைய யூனிபார்மை எடுத்து வெயில்ல போட்டு, இஸ்திரி பண்ணித் திரும்பப் பெட்டியில வைப்போம். சின்ன வயசுல இருந்து அது என் வேலை. மடிப்பு கலையாம வைக்கிறதுல எங்கம்மாவே என்கிட்ட தோத்துப் போவாங்க.

எங்க ஊரு கொண்டான்தாங்கல். நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. ஆனா மிலிட்டரிக்காரங்க கேள்விப்பட்டிருப்பாங்க. வீட்டுக்கு ஒருத்தர் மிலிட்டரி. ஊருக்குள்ள நுழையற இடத்துல பெரிய வளைவு ஒண்ணு கட்டி வெச்சிருக்காங்க, முன்னாள் ராணுவத்தார் சங்கம் கட்டினது. தூண்ல வரிசையா பேர் செதுக்கி இருக்கும். எங்க ஊர்ல ஒரு வழக்கம். மிலிட்டரிக்காரர் செத்துட்டா அவர் பாடை அந்த வளைவு வழியாப் போகும். சங்கத்துக்காரங்க மெடல் குத்திக்கிட்டு ரெண்டு பக்கமும் நிப்பாங்க, பியூகிள் ஊதுவாங்க. பார்க்கிறவங்களுக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். மத்தவங்க செத்தா ஏரிக்கரைப் பக்கம் போற மண் பாதை. முள்ளும் சேறும். அவ்வளவுதான்.

அப்பா எந்த வழியாப் போனார்னு கேக்கிறீங்களா? அதுக்குத்தானே மனு.

பொறுமையாக் கேளுங்க, நான் ஒவ்வொரு பாயின்ட்டா சொல்றேன். யுனிவர்சிட்டியில பொலிடிகல் சயின்ஸ் எம்.ஏ. பண்றேன். பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன்னு ஹாஸ்டல்ல பேரு. ஆனா நியாயம் இல்லாம பேச மாட்டேன்.

எல்லையில மிலிட்டரி வண்டி போகணும் இல்ல? அதுக்கு ரோடு போடறதுக்குன்னே ஒரு படை இருக்கு. யூனிபார்ம் உண்டு. ரேங்க் உண்டு. காலையில வரிசையில நின்னு சல்யூட் அடிக்கணும். தப்புப் பண்ணினா மிலிட்டரி சட்டப்படி தண்டனை. எல்லாம் உண்டு. ஆனா ரிட்டயர் ஆகி ஊருக்கு வந்துட்டா, நீ முன்னாள் ராணுவம் இல்லைன்னுடுவாங்க. தண்டனைக்கு மிலிட்டரி, மரியாதைக்கு சிவிலியன்! இது எந்த ஊர் லாஜிக்?

ஊர்ல அப்பாவுக்கு ‘மம்மட்டி மிலிட்டரி’ன்னு பட்டப்பேர். முகத்துக்கு நேரா சொல்லுவாங்க. அப்பா சிரிச்சுக்கிட்டே, “ஆமா, மம்மட்டிதான். என்ன இப்ப?”ன்னுட்டு போயிடுவார். எனக்குத்தான் பத்திக்கிட்டு வரும். சங்கத் தலைவர் ஹவில்தார் முனிரத்தினம் இருக்காரே, அவர் மிலிட்டரியில என்ன பண்ணினார் தெரியுமா? ஸ்டோர்ல கம்பளி எண்ணினார்! நான் சொல்லலை, அவர் சம்சாரமே சொல்லுவாங்க. கம்பளி எண்ணினவர் பேரு தூண்ல இருக்கு. மலையை வெட்டினவர் பேரு இல்லை. நான் அவர்கிட்ட நேராவே கேட்டேன். “மாமா, பீரங்கி எல்லைக்கு எது மேல போச்சு? ஆகாசத்து மேலயா?” அவர் சொல்றார், “இதோ பாரு பாப்பா, கல்யாணப் பந்தல்ல சமையல்காரன்தான் முக்கியம். அதுக்காக அவனை மணவறையில உக்கார வைக்க முடியுமா?” எப்படி இருக்கு பாருங்க.

அப்பா அந்த வளைவுக்குக் கீழ நடந்ததே இல்லைக்கா. பஸ் இறங்கினா ஓரமாச் சுத்திக்கிட்டு, ஒரு கால்வாயைத் தாண்டித்தான் ஊருக்குள்ள வருவார். ஏம்ப்பா இப்படின்னு கேட்டா, “அதுல நம்ம ஆளுங்க பேரு யாருதும் இல்லையேம்மா”ம்பார். நம்ம ஆளுங்கன்னா தாத்தாவும் அவரும். அந்த வலியைத்தான் அப்படிச் சொன்னார். எனக்கா புரியாது?

கல் உடைச்ச தூசி எல்லாம் நெஞ்சுக்குள்ள போய்ச் சேர்ந்து, போன சித்திரையில படுத்த படுக்கை ஆயிட்டார். மூச்சு விடறதே ஒரு வேலையா இருந்துச்சு. அப்ப நான் அவர் கையைப் பிடிச்சு சத்தியம் பண்ணினேன். “உன்னை அந்த வளைவு வழியாத்தான்ப்பா கொண்டு போவேன். பியூகிள் ஊதும். பாரு”ன்னு. அவர் தலையை ஆட்டினார், வேணாம்ங்கிற மாதிரி. “அதெல்லாம் எதுக்குடா. ஹோப்னாவுக்கு மட்டும் சொல்லிடு”ன்னார். கடைசியில நினைவு தப்பிடுச்சு அவருக்கு, பாவம்.

ஹோப்னாவா? அது ஒரு கூலி ஆளு.

இதைத் தெளிவா சொல்லிடறேன்க்கா, ஏன்னா எல்லாரும் இங்கதான் குழப்பறாங்க. எல்லை ரோட்டுல யூனிபார்ம் போட்ட படை ஒண்ணு. அதில்லாம கூலி ஆளுங்க. ஜார்கண்ட் பக்கம் இருந்து லாரியில ஏத்திக்கிட்டு வருவாங்க. பனி உருகினா வருவாங்க, திரும்பப் பனி விழுந்தா போயிடுவாங்க. தார் டிரம்மை வெட்டித் தகரமாக்கி, அதுல குடிசை போட்டுத் தங்குவாங்க. யூனிபார்ம் கிடையாது, ரேங்க் கிடையாது, பென்ஷன் கிடையாது. செத்தா அங்கேயே ஓரமா புதைச்சுட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதான். அவங்களையும் அப்பாவையும் ஒண்ணாச் சேர்த்துப் பேசக் கூடாது. அதுல நான் ரொம்பக் கறார்.

என்னது, அவங்களும் ரோடுதானே போட்டாங்களா? அக்கா, நீங்க என்ன, முனிரத்தினம் மாதிரியே எடக்குப் பேசறீங்க! வேலை ஒண்ணா இருந்துட்டா மரியாதை ஒண்ணாயிடுமா? ஒரு வரிசைன்னு இருக்கு இல்ல?

சரி, கயிறுன்னு கேட்டீங்களே, அதையும் சொல்லிடறேன். அங்க மண் அள்ளறதுக்கு நீளமான பிடி போட்ட அகலக் கரண்டி மாதிரி ஒண்ணு வெச்சிருப்பாங்க. பெல்ச்சாம்பாங்க. ஒரு பெல்ச்சாவுக்கு ரெண்டு ஆள். ஒருத்தன் பிடியைப் பிடிச்சு மண்ணுல குத்துவான். அடியில கட்டின கயிறைப் பிடிச்சு இன்னொருத்தன் எதிர்ல நின்னு இழுப்பான். அந்த உயரத்துல காத்தே கிடையாது, ஒருத்தனால தனியா அள்ள முடியாது. ஆள் பத்தாத அன்னைக்கு அப்பா போய்க் கயிறு பிடிச்சிருக்கார். ஒரு உதவிக்கு. அவ்வளவுதான். அம்மா என்னவோ, தினமும் அவர்தான் கயிறு பிடிச்சார், பிடியில எப்பவும் ஹோப்னாதான்னு சொல்லுவாங்க. அம்மாவுக்கு என்ன தெரியும், அவங்க அங்க போனதே இல்லை.

இந்த போட்டோ கூட அப்ப எடுத்ததுதான். முழுப் படத்துல அந்தப் பக்கம் அவன் பெல்ச்சாவோட பல்லைக் காட்டிக்கிட்டு நிப்பான். கிழிஞ்ச கோட்டு, தலையில துண்டு. அது எதுக்கு? அப்பாவை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிசு பண்ணச் சொன்னேன். ஸ்டுடியோக்காரன் கயிறை என்ன பண்றதுன்னு கேட்டான். அழிச்சா கை விரல் கெட்டுப் போகும்னான். அப்படியே விட்டுட்டேன். அதான், கயிறு ஓரம் வரைக்கும் போய் நின்னுடுது.

அப்பா ஒரே ஒரு கதையைத்தான் ஓயாம சொல்லுவார். ஒருநாள் மேல இருந்து மலை சரிஞ்சு அப்பா மேல விழுந்துடுச்சு. முழுசா உள்ள போயிட்டார். கயிறை மட்டும் விடலை. அந்தப் பக்கத்துல பிடியோட நின்னவன், கயிறு போன வழியே தோண்டிக்கிட்டே வந்து வெளிய இழுத்துட்டான். தோண்டும்போது இன்னொரு கல் உருண்டு வந்து அவன் விரல் ரெண்டு போயிடுச்சு. எப்படிப்பட்ட மனோதைரியம் பாருங்க, அந்த நிலைமையிலயும் கயிறை விடாம இருந்தாரே அப்பா! அதைத்தான் மனுவுல எழுதியிருக்கேன். ‘நிலச்சரிவில் சிக்கியும் மன உறுதியால் மீண்டவர்’னு.

அந்த ஹோப்னா சாயங்காலம் ஆனா அப்பாவுக்கு போன் பண்ணுவான். வயசான காலத்துலயும் கூலி வேலைதான். இப்ப ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஏதோ கட்டட சைட்டுல இருக்கான். ரெண்டு பேரும் இந்தியில என்னத்தையோ பேசிச் சிரிப்பாங்க. அப்பா ஒருத்தர்கிட்டயும் அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்லை.

அப்பா போன அன்னைக்கு ஃப்ரீசர் பெட்டியில படுக்க வெச்சுட்டு, நான் நேரா வளைவுக்குத்தான் போனேன். அழுதுக்கிட்டு உக்கார எனக்கு எங்க நேரம்? பொழுது சாயறதுக்குள்ள தூக்கியாகணும். இந்தப் படத்தையே ஆள் உயரத்துக்கு ஃபிளெக்ஸ் அடிச்சு, வளைவுக்குப் பக்கத்துல கட்ட வெச்சேன். ‘தேசத்துக்கு வழி அமைத்தவர்’னு கீழ எழுத்து. முனிரத்தினம் சேர் போட்டு நடுவுல உக்கார்ந்திருந்தார், சங்கத்து ஆளுங்களோட. பொம்பளைப் பிள்ளை இழவு வீட்ல இருந்து இப்படி வந்து நிக்கிறது அழகா இருக்கான்னு ஆரம்பிச்சார். நான் விடலைக்கா. தாத்தாவுல இருந்து ஆரம்பிச்சேன். சட்டம் சொன்னேன், கோர்ட்டு சொன்னேன், பீரங்கி சொன்னேன். கம்பளியையும் சொன்னேன். நாலு பேர் சிரிச்சுட்டாங்க. அவருக்கு வேர்த்துப் போச்சு. தொப்பியைக் கழட்டி விசிறிக்கிட்டே, “உன்னோட பேசி ஜெயிக்க முடியாது பாப்பா. இரு, மத்தவங்களை ஒரு வார்த்தை கேட்டுடறேன். பியூகிள்காரன் வீட்லதான் இருக்கான்”னார்.

கேட்டீங்களா? பியூகிள்காரன் வீட்லதான் இருக்கான்னார். அவ்வளவு தூரம் வந்துட்டேன் நான்.

அந்த நேரம் பார்த்து பஸ் ஒண்ணு வந்து நின்னுச்சு. அதுல இருந்து மூணு பேர் இறங்கினாங்க. சைட்டுல போடற ஆரஞ்சு சட்டை, காலெல்லாம் சிமென்ட். முன்னாடி வந்தவன் கையில பெல்ச்சா. அடியில சுத்திக் கட்டின கயிறு. நேரா வளைவுக்குக் கீழயே நடந்து வந்து, முனிரத்தினம்கிட்டயே போய்க் கேக்கிறான், “கன்ஹையா வீடு எங்க?” கன்னியப்பன்ங்கிறது ஹோப்னா வாயில அப்படித்தான் வரும். அம்மா போன் பண்ணியிருக்காங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம.

முனிரத்தினம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். தொப்பியை மாட்டிக்கிட்டு மறுபடியும் சேர்ல சாய்ஞ்சு உக்கார்ந்துட்டார். “இந்தா பாப்பா, எங்களை எதுக்குக் கூப்பிடறே? உங்கப்பாவுக்கு அவரோட சொந்தப் படையே வந்துடுச்சே”ன்னார். பின்னாடி இருந்தவங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே! சித்தாள் ரெஜிமென்ட்டுங்கிறான் ஒருத்தன்.

முடிஞ்சுது. அத்தனை பேச்சும் அந்த ஒரு நிமிஷத்துல போச்சு. அரை மணி நேரம் கழிச்சு அந்த பஸ் வந்திருந்தா, எங்கப்பா வளைவு வழியாப் போயிருப்பார்க்கா. அந்த அரை மணி நேரத்தைத்தான் என்னால மன்னிக்க முடியலை.

அவனுக்கு இதெல்லாம் எங்க புரியுது? ஃபிளெக்ஸைப் பார்த்துட்டு அதுக்கு முன்னாடி போய் நின்னுட்டான். ரொம்ப நேரம் அப்பா முகத்தையே பார்த்தான். அப்புறம் அந்த விரல் போன கையால அப்பா கையில இருக்கிற கயிறைத் தொட்டு, அப்படியே தடவிக்கிட்டே வந்தான், ஓரம் வரைக்கும். அதுக்கப்புறம் படம் இல்லை, வெறும் மூங்கில். கை அங்கேயே நின்னுச்சு. என் பக்கம் திரும்பி, “நீ பிட்டியாதானே? ஹிமா?”ன்னு கேட்டான். பிட்டியான்னா இந்தியில மகள். பேரெல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கான்.

கொஞ்சம் தமிழும் கொஞ்சம் இந்தியுமா கேட்டான். கன்ஹையாவைத் தூக்கறதுக்கு முன்னாடி பெல்ச்சாவை மூணு தடவை தரையில தட்டணுமாம். அங்க அப்படி ஒரு பழக்கமாம். கயிறுல கூட நின்னவன் செத்துட்டா மத்தவன் தட்டணும். துப்பாக்கி மரியாதைக்கு அவங்ககிட்ட துப்பாக்கி ஏது? “கன்ஹையாதான் எனக்குத் தட்டறதா இருந்துச்சு. அவன் முந்திக்கிட்டான்”னு சொல்லிச் சிரிக்கப் பார்த்தான். கண்ணுல தண்ணி.

அது பொய் இல்லைக்கா. ஊர்ல யார் செத்த சேதி வந்தாலும் அப்பா தோட்டத்துப் பக்கம் போய் மம்மட்டியால தரையில தட்டறதை நான் பார்த்திருக்கேன். முனிரத்தினத்தோட அம்மா செத்தப்ப கூடத் தட்டினார். ஆனா அது தோட்டத்துல. யாருக்கும் தெரியாம. இது வளைவு. அத்தனை பேர் பார்த்துக்கிட்டு இருக்காங்க. கூலிக்காரன் வந்து தட்டினா எங்கப்பா என்ன ஆவார்? நீங்களே சொல்லுங்க. அப்புறம் அவர் மிலிட்டரின்னு நான் எந்த வாயால பேசறது?

வேணாம்னுட்டேன். வீட்டுக்கும் வர வேணாம், கூட்டமா இருக்கு, சாப்பாடு வேணும்னா இங்கேயே கொடுத்து அனுப்பறேன்னேன். அவன் கூட வந்த சின்னவன் முறைச்சான். இவன்தான் அவன் தோளைப் பிடிச்சு அமுக்கினான்.

பொழுது சாய்ஞ்சுது. வேற வழி இல்லாம தூக்கிட்டாங்க. தெரு முனை வரைக்கும் நேரா வந்த பாடை, வளைவுக்குக் கொஞ்ச தூரம் முன்னாடி ஏரிக்கரைப் பக்கம் திரும்புச்சு. என் தம்பி முன்னாடி கொள்ளிச் சட்டியோட போறான். நான் இங்க வளைவுத் தூணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். எங்கப்பா அந்த முள்ளுப் பாதையில இறங்கறார்.

அப்பத்தான் தட்டினான். நின்ன இடத்துல இருந்தே, வளைவுக்கு நேர் கீழ. ரெண்டு கையாலயும் பெல்ச்சாவைத் தூக்கி, தட்டைப் பாகம் தார் ரோட்டுல படற மாதிரி. டங். ஊரே திரும்பிப் பார்த்துச்சு. பாடை தூக்கினவங்க கூட ஒரு நிமிஷம் நின்னாங்க. மறுபடியும் டங். பின்னாடி யாரோ களுக்குன்னு சிரிச்ச சத்தம் என் காதுல விழுந்துச்சு. நான் ஓடிப் போய் பெல்ச்சாவைப் பிடிச்சுட்டேன். தூக்கின கையோட பிடிச்சுட்டேன். “போதும், விடு! எங்கப்பா கூலி இல்லை”ன்னு கத்தினேன்.

அவன் இழுத்துப் பிடிக்கலைக்கா. விட்டுட்டான். அத்தனை சுலபமா விடுவான்னு நான் நினைக்கலை, பின்னால சாய்ஞ்சுட்டேன். பாடை போன பக்கம் பார்த்துக் கும்பிட்டான். அப்புறம் என்னையும் பார்த்துக் கும்பிட்டான். அடுத்த பஸ்ஸுல ஏறிப் போயிட்டாங்க.

பெல்ச்சா எங்க வீட்ல தான் கிடக்குது. வாங்கிட்டுப் போகக் கூட வரலை. தூக்கிப் போடலாம்னா அம்மா தொட விட மாட்டேங்கறாங்க. அம்மா என்கிட்ட சரியாப் பேசியே பல மாசம் ஆச்சு. “அந்த மனுஷன் வீட்டுப் படி ஏறலையேடி”ங்கிறதைத் தவிர வேற பேச்சே கிடையாது. அப்பா போனை இன்னும் சார்ஜ்ல போட்டு வெச்சிருக்காங்க. சாயங்காலம் ஆனா எடுத்து எடுத்துப் பார்ப்பாங்க. அது அடிக்கிறதே இல்லை. அப்பா உயிரோட இருந்த வரைக்கும் தினம் பேசினவன், இப்ப அம்மாவை ஒரு வார்த்தை எப்படி இருக்கீங்கன்னு கேக்க வேணாம்? நன்றி கெட்டவங்க.

இப்ப என் கோரிக்கை ஒண்ணே ஒண்ணுதான். தூண்ல அப்பா பேரைச் செதுக்கணும். முன்னாள் படைவீரர் ஆபீஸ்ல போனா அவர் எங்க கணக்குல வர மாட்டார்ங்கறாங்க. கலெக்டர் ஆபீஸ்ல போனா வளைவு ஊர்ச் சொத்து, ஊர்ல பேசிக்கங்கங்கறாங்க. ஊர்ல போனா முனிரத்தினம் சிரிக்கிறார். போன வாரம் அந்த கிளார்க் இந்தப் படத்தை வாங்கிப் பார்த்துட்டு, “ஏம்மா, இந்தக் கயிறு எங்கம்மா போகுது?”ன்னு கேக்கிறான். மனுவை விட்டுட்டு! எனக்கு வந்துச்சே கோபம். இன்னைக்கும் ஒண்ணும் நடக்காதுன்னு தெரியும்க்கா. ஆனா நான் விட்டுட்டா எங்கப்பா என்ன, பேர் இல்லாதவரா? மலையில யாரோ புதைச்சுட்டுப் போன ஆள் மாதிரி?

அப்பாடா, நகருது. கொடி காட்டிட்டான். பாருங்க, எவ்வளவு பேர் நிக்கிறாங்க ஓரத்துல. எல்லாம் வடக்கத்தி ஆளுங்க. வெயில்ல எப்படித்தான் நிக்கிறாங்களோ. பஸ்ஸுக்கு வழி விட்டு ஒதுங்கி நிக்கவாவது தெரியுதே...

...

ஒண்ணுமில்லைக்கா. ஒண்ணுமில்லை. அங்க நிக்கிற அந்த ஆளோட பெல்ச்சாவுல தார் ஒட்டியிருக்கும். அதான் தரையில ஒரு தட்டு தட்டினான். வேற ஒண்ணும் இல்லை.

ஜன்னலைச் சாத்துங்க. தூசி வருது. சாத்துங்கக்கா.